விராலியூர் ரோட்டில் முக்கால் மணி நேரம்

இடது கையுறைக்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரே பொந்தில் போய்ச் சிக்கிக்கொண்டன. கோகிலவாணி கழற்றி மறுபடி மாட்டினாள். மறுபடியும் அப்படியே. விடிகாலை ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. ஐந்தரைக்குக் கிளம்பியிருக்க வேண்டியவள், குளிருக்கு டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று பம்பை எடுத்து அடித்தாள், அடித்ததைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள், நேற்று துடைத்த செயினை மறுபடி துணியால் துடைத்தாள், முன் விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டாள். இதெல்லாம் கிளம்பாமல் இருப்பதற்கான வேலைகள் என்று அவளுக்கே தெரிந்துதான் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் போடுவதற்காகக் குரங்குக் குல்லாவின் குஞ்சத்தை வெட்டி வைத்திருந்தாள், அது நெற்றியில் அரித்தது. காற்றுத் தடுக்கும் கோட்டு ஆம்பளை அளவு, தோளில் தொங்கியது. வடவள்ளியில் பதினேழு டிகிரிக்கு இத்தனை வேஷமா என்று சைக்கிள் குழுவில் இருந்த விஜயராணி ஒருமுறை சிரித்தாள். சிரித்தவள் மார்கழி பிறந்ததும் வருவதை நிறுத்திவிட்டாள். எல்லோருமே நிறுத்திவிட்டார்கள். ஒன்பது பெண்கள், ஞாயிறுதோறும் வரிசையாகப் போகிறவர்கள், குளிர் குறையட்டும், பொங்கல் போகட்டும், தை கழியட்டும் என்று ஆளுக்கொரு செய்தியை வாட்ஸாப்பில் போட்டுவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார்கள். அவர்கள் வீடுகளில் எழுப்பாமல் இருப்பதற்கு ஆள் இருந்தது. இன்னும் கொஞ்சம் தூங்கு என்று சொல்வதற்கு. கோகிலவாணிக்கு நாற்பத்தெட்டு வயது, மில்லில் நூல் சோதனைக்கூடத்தில் வேலை, வாரத்தில் ஆறு நாள் நூலை இழுத்து அறுத்து எத்தனை பலத்துக்கு அறுந்தது என்று எழுதி வைக்கிறவள். ஏழாவது நாள் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. அதனால் குளிர் காலத்திலும் போகிறாள், தனியாக. விரல்கள் ஒருவழியாகத் தத்தம் இடத்துக்குப் போயின. கேட்டைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள், யார் தூக்கம் கெடப் போகிறது என்று தெரியவில்லை, ஆனாலும்.

முதல் இரண்டு கிலோமீட்டர் எப்போதும் காதுதான் முதலில் வலிக்கும், பிறகு பல், அப்புறம் உடம்பு ஒத்துக்கொள்ளும். இன்று காது வலிக்கிறதா என்று கவனிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் பத்து மணி என்ற நேரம் தலைக்குள் உட்கார்ந்திருந்தது. பத்து மணிக்கு அந்த மனிதர் சைக்கிள் கடைக்கு வருவார். புதன்கிழமை மில் விட்டு வரும்போது ட்யூப் வாங்கத்தான் ஜமால் கடைக்குப் போனாள், மருதமலை ரோட்டில், ஒரே ஷட்டர் உள்ள கடை, உள்ளே சைக்கிள்கள் ஆட்டுத் தொடை மாதிரிக் கொக்கியில் தொங்கும். ஐந்து வருஷப் பழக்கம். டாக்டர் சர்க்கரை என்று சொன்ன வாரத்தில் அவளுக்கு முதல் சைக்கிளைக் காட்டி, சீட்டை உயர்த்தித் தாழ்த்தி, இடுப்பு ஆடுது அக்கா, ஒரு விரக்கடை இறக்கலாம் என்று சொன்னவர். கையுறையும் அவர்தான் கொடுத்தார், நம்மூர்க் குளிருக்கு அரைக்கையே போதும் அக்கா, நீங்க கேக்கறீங்கன்னு தர்றேன் என்று. புதன்கிழமை அங்கே ஒரு நீல சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. முன் ஃபோர்க் கோணிப் போயிருந்தது. சீட்டுக்குக் கீழே வட்டமான சிவப்பு விளக்கு, ஓரத்தில் கறுப்பு டேப் சுற்றியது. அவள் அதைப் பார்த்தபடி ட்யூப் அளவைத் தப்பாகச் சொன்னாள். யாருது என்று கேட்டதும் ஜமால் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். திருமூர்த்தின்னு ஒரு சார், கவுண்டம்பாளையத்துக்காரர், டெலிபோனில் லைன்மேனாக இருந்து ரிட்டையர்டு ஆனவர், மார்கழி ஆரம்பத்தில் ஒரு ஞாயித்துக்கிழமை விராலியூர் ரோட்டில் விழுந்துட்டார், மணிக்கட்டு போச்சு, முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்திருக்கார் அக்கா, அந்தப் பனியில், பால் வண்டிக்காரன் பார்த்துத் தூக்கிட்டு வந்தான், இந்த ஞாயிறு பத்து மணிக்கு வர்றேன்னிருக்கார். முக்கால் மணி நேரமா என்று அவள் கேட்டாள். முக்கால் மணி நேரம் என்றார் ஜமால். அவள் ட்யூபை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த அளவு ட்யூப் அவள் சைக்கிளுக்குப் பொருந்தாது.

கலிக்கநாயக்கன்பாளையம் தாண்டியதும் தெரு விளக்குகள் இடைவெளி விட்டன. இன்றைக்கு இந்த வழியில் வர வேண்டிய அவசியமில்லை. கடை வீட்டிலிருந்து பத்து நிமிஷம், ஒன்பதேகாலுக்கு எழுந்து குளித்துப் புடவை கட்டிக்கொண்டுகூடப் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதுதான் புதன்கிழமையிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை, தெரிந்திருந்தால் யாராவது திட்டியிருப்பார்கள், திட்டு முடிந்திருக்கும். புருஷன் சிவராஜ் திட்டுவான், இருந்திருந்தால். சிவராஜ் பதினோரு வருஷமாக சூரத்தில் இருந்தான். தறி வேலைக்கு என்று போனவன் முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு தீபாவளிக்கு, அப்புறம் தீபாவளிக்கும் லீவு இல்லை. சண்டையில்லை, வக்கீல் இல்லை, ஒன்றும் இல்லை. பொங்கலன்று போன் வரும், அங்க குளிராவா இருக்கு என்று கேட்பான், ஆமாம் என்பாள், இங்கயும் என்பான். குழு ஆரம்பித்த புதிதில் எல்லோருக்கும் ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள், சட்டைப் பையில் வைத்துக்கொள்ள, பேர், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். மற்றவர்கள் கடகடவென்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். சூரத் எண்ணை எழுதலாம், அவன் எடுத்து என்ன செய்வான், ரயிலுக்கே ரெண்டு நாள். கடைசியில் மில் சோதனைக்கூடத்து எண்ணை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். இவள் சைக்கிளில் போவதோ ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த அட்டை இப்போதும் முதுகுப் பையில் இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள், நனையாமல்.

தொண்டாமுத்தூர் வந்தது, போனது. தேவராயபுரத்தில் ஒரு நாய் எழுந்து, அவளைப் பார்த்து, குரைப்பதா வேண்டாமா என்று யோசித்துப் படுத்துக்கொண்டது. இனி இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. மலையிலிருந்து இறங்குகிற காற்று இங்கே ரோட்டில் தேங்கி நிற்கும், பதினேழு டிகிரி பதினான்காகும், முழங்காலில் ஈரத்துணியைச் சுற்றியது போல இருக்கும். பனி முன் விளக்கின் வெளிச்சத்தை வாங்கி இவள் முகத்திலேயே திருப்பி அடித்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த ஞாயிறும் இப்படித்தான். அன்றைக்கு முதல் நாள் இந்தத் தோப்புகளில் யானை இறங்கியதாகப் பேச்சு, ரெண்டு பெண் யானையும் ஒரு குட்டியும். அதனால் அவள் வேகமாகத்தான் மிதித்தாள், காது இரண்டையும் தோப்புக்குள் விட்டபடி. வளைவில் திரும்பியதும் இடது பக்கம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் கீழே சிவப்பாக ஒன்று விட்டு விட்டு எரிந்தது. பக்கத்தில் கறுப்பாக நீளமாக ஏதோ. அப்புறம் அந்தச் சத்தம், டிக் டிக் டிக் டிக் என்று, ஒரு சக்கரம் சும்மா சுற்றுகிற சத்தம், மெதுவாகிக்கொண்டே போகிறது. அவ்வளவுதான். அவள் போய்க்கொண்டிருந்தாள், கடந்து போய்விட்டாள், சரியாகப் பார்க்கவில்லை, இருட்டு, யானை பயம், யாரோ குடித்துவிட்டுக் கிடக்கிறான், அல்லது ஒற்றைப் பொம்பளையை நிறுத்துவதற்கு யாரோ படுத்து நடிக்கிறான், இந்தக் காலத்தில் எதுவும் நடக்கும். மூன்று வாரமாக இப்படித்தான் அதை அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் உண்மை. யானை உண்மை, இருட்டு உண்மை. குடித்தவன் சீட்டுக்கு அடியில் விளக்கு மாட்டிக்கொண்டு விழுவானா என்று கேட்டால் அதற்கு அடுத்ததை எடுத்து வைப்பாள். மூக்குக் கண்ணாடி வேறு புகை மூடியிருந்தது, மூச்சுக் காற்றுப் பட்டு, ஒன்றுமே தெரியவில்லை என்பாள்.

அங்கேதான் கணக்கு இடித்தது. இப்போது மிதித்துக்கொண்டிருக்கும்போது, வளைவுக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, அவள் கண்ணாடி தெளிவாக இருந்தது. பனி உண்டு, குளிர் உண்டு, மூச்சு இரைக்கிறது, கண்ணாடி தெளிவாக இருக்கிறது. ஓடும்போது அது மூடவே மூடாது, எதிர்க்காற்று துடைத்துக்கொண்டே இருக்கும். சிக்னலில் நின்றால் மூடும். ரயில்வே கேட்டில் நின்றால் மூடும். நின்றால்தான் மூடும். அன்றைக்கு மூடியிருந்தது, அது நிச்சயம், சிவப்பு விளக்கு கண்ணாடிப் புகையில் குங்குமம் கரைந்தது போலப் பரவி எரிந்ததை அவள் இத்தனை நாளும் கண் மூடினால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் நின்றிருக்கிறாள். ஆமாம். நின்றாள். இடது காலை ஊன்றி, ஒரு கையால் கண்ணாடியைக் கழற்றப் போய், கையுறை தடித்திருந்ததால் முடியாமல், அப்படியே நின்றாள். எத்தனை நேரம். பத்து எண்ணுகிற நேரம். அந்தப் பத்துக்குள் சக்கரம் சுற்றி ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு வந்த அமைதியில்தான் அவளுக்குப் பயம் வந்தது, யானைக்கல்ல, ஆளுக்கல்ல. இறங்கிப் போனால் அது தன்னுடையதாகிவிடும் என்ற பயம். அவனை நிமிர்த்த வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், யாருக்காவது போன் செய்ய வேண்டும், ஆஸ்பத்திரியில் நீங்க யாரு என்று கேட்பார்கள், நான் யாருமில்லை என்று சொல்ல வேண்டும். அவள் காலை எடுத்துப் பெடலில் வைத்தாள். இதையும் செய்தது அவள்தான், வேறு யாரோ இல்லை. வளைவு வந்தது. இன்றைக்கு அங்கே இறங்கினாள். பாதையோரம் ஜல்லி, அதற்குக் கீழே ஒரு முழ ஆழத்தில் காய்ந்த வாய்க்கால், பாக்கு மட்டை ஒன்று, பீடிக் கட்டின் காகிதம். ஆள் படுத்த தடமெல்லாம் எப்படி இருக்கும் மூன்று வாரத்துக்குப் பிறகு. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால்சட்டை வழியாக ஈரம் ஏறியது. வாட்சைப் பார்த்தாள். ஆறு ஐம்பது. சும்மா எத்தனை நேரம் உட்கார முடிகிறது பார்ப்போம் என்று தோன்றியது, பைத்தியக்காரத்தனம்தான். நாலாவது நிமிஷம் பல் கிட்டியது. ஒன்பதாவது நிமிஷம் பாதம் இருப்பது தெரியவில்லை. ஒரு டிராக்டர் போனது, ஓட்டியவர் என்னம்மா பஞ்சரா என்று கேட்டார், இல்லைங்க சும்மாதான் என்றாள், அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். பதினான்காவது நிமிஷம் எழுந்துவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு பங்கு பாக்கியிருந்தது. அவளுக்குக் கை இரண்டும் சரியாக இருந்தன, வெளிச்சமும் வந்திருந்தது.

விராலியூரில் டீக்கடைக்கார அம்மா இவளைப் பார்த்ததும் சர்க்கரை கம்மி என்று தானே சொல்லிக்கொண்டு டம்ளரை எடுத்தாள். அன்றைக்கும் இதே பெஞ்சு. அன்றைக்கு வந்து உட்கார்ந்தபோது அங்கே இருந்த ஒருத்தர் ஜீப் வைத்திருந்தார். அங்கே ஒருத்தர் கிடக்கிறாருங்க என்று ஒரு வார்த்தை, வாய் வரைக்கும் வந்தது. அங்க என்று தொடங்கியும்விட்டாள். அந்தம்மா என்னங்க என்று திரும்பினாள். சர்க்கரை கம்மியா என்றாள் கோகிலவாணி. அதன் பிறகு டீ வந்தது, கை சூடானது, கிழக்கே மலை விளிம்பு சிவந்தது, பனி தோப்புக்கு மேலே பஞ்சுத் திப்பி மாதிரி மிதந்தது, அவள் அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். போட்டோ போட்ட மணியைப் புதன்கிழமை இரவு எடுத்துப் பார்த்தாள், ஆறு நாற்பது. பதினோரு இதயங்கள் வந்திருந்தன, ஒன்பது பேர் குழுவில் எப்படிப் பதினொன்று, சிலர் ரெண்டு போட்டிருந்தார்கள். எவ்வளவு அழகு, கொடுத்து வைத்தவள் நீ என்று விஜயராணி எழுதியிருந்தாள். அந்த இதயங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்த நேரத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, அந்த மனுஷன். திரும்பி வரும்போது அங்கே ஒன்றும் இல்லை, எழுந்து போய்விட்டான் பார், ஒன்றுமில்லை என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள், லேசாகப் பாடிக்கொண்டுகூட வந்தாள். இன்றைக்கு டீ பாதியில் ஆறிப் போனது. அந்தம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஒன்பதரைக்கே கடை வாசலில் இருந்தாள். வெயில் வந்துவிட்டது, கோட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் போட்டாள். திரும்பிவிடலாம் என்று நான்கு முறை நினைத்தாள், நாலாவது முறை சைக்கிளைத் திருப்பியும்விட்டாள், அப்போதுதான் ஜமால் உள்ளேயிருந்து வாங்கக்கா என்றார். நீல சைக்கிள் இப்போது தரையில் நின்றது, புது ஃபோர்க், கறுப்பு. நிறம் சேரவில்லை, அவருக்கு அது பரவாயில்லையாம் என்றார் ஜமால். பத்தடித்துக் கொஞ்ச நேரத்தில் ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கினார். அவள் நினைத்து வைத்திருந்தவர் பெரிய ஆள், குற்றம் சாட்டுகிற முகம். வந்தவர் ஒல்லி, நரைத்த மீசை, இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு, அதை ஒரு சின்னத் துண்டில் தூக்கிக் கழுத்தில் கட்டியிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஜமால் இவளைக் காட்டி, இவங்களும் ஞாயிறானா அந்தப் பக்கந்தான் போவாங்க, பனிக்கெல்லாம் பயப்பட மாட்டாங்க என்றார். அப்படீங்களா என்று அவர் மரியாதையாகத் தலையசைத்தார். இந்த இடத்தில் பேசாவிட்டால் இனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மனதுக்குள் பழகி வைத்திருந்த நீள வாக்கியங்கள், யானை, இருட்டு, கண்ணாடி, ஒன்றும் வரவில்லை.

"அன்னிக்கு நான் அந்த வழியா வந்தனுங்க," என்றாள். "உங்களைப் பார்த்தேன். நின்னேன். அப்புறம் போயிட்டேன்."

ஜமாலின் ஸ்பேனர் அப்படியே நின்றது. திருமூர்த்தி அவளைப் பார்க்கவில்லை, தன் சைக்கிளின் புது ஃபோர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க," என்றார். "ஆருன்னு தெரியாது. ஜல்லில கால் ஊனுன சத்தம் கேட்டுச்சு."

கூப்பிட்டிருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை, கேட்கிற உரிமை அவளுக்கு இல்லை. அவரே சொன்னார், நிறுத்தி நிறுத்தி. முந்தின நாள்தான் ஈரோட்டிலிருந்து மகள் போனில் அழுதிருக்கிறாள், அம்மாவும் போய்ட்டாங்க, நீங்களும் எங்காச்சும் விழுந்து கெடந்தா நான் என்னப்பா பண்ணுவேன், வித்துப்போடுங்க அதை என்று. விழுந்ததும் அவருக்கு வலி தெரியவில்லை, அந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது. "மூச்சைப் புடிச்சுட்டுக் கெடந்தேன், போயிரட்டும்னு. ஆராச்சும் வந்து தூக்கிட்டா, உழுந்தது நெசமாயிருமில்லீங்க."

கோகிலவாணி ஓர் அடி கிட்டே வந்தாள். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அப்புறந்தான் குளிர ஆரம்பிச்சுது," என்றார். "அப்பக் கூப்பிட்டேன். ஒரு நாலஞ்சு தரம். அப்ப நீங்க இல்லீங்க."

குரலில் கோபம் இல்லை, தண்ணி வரலை என்று சொல்வது போலத்தான் சொன்னார். அவள் ஆமாங்க என்றாள். மன்னிச்சுக்கங்க என்று சொல்ல வாயெடுத்து, அது ரொம்பச் சின்னதாக இருந்ததால் சொல்லாமல் விட்டாள். ஆமாங்க என்று இன்னொரு தரம் சொன்னாள். மூன்று வாரமாக ராத்திரியும் பகலும் கூடவே இருந்த ஒன்று இப்போது இரண்டு பேருடையதாகிவிட்டது, அது இல்லாமல் இன்று சாயங்காலம் அந்த வீட்டில் எப்படி இருக்கப் போகிறோம் என்று ஒரு கணம் வெறுமையாக இருந்தது. வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது, யாரோ பஞ்சர் என்றார்கள், ஜமால் வெளியே போனார், போகும்போது இருவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டே போனார். திருமூர்த்தி நல்ல கையால் சீட்டைத் தடவினார், பிரேக் பிடியை ஒருதரம் அழுத்தி விட்டார். கட்டுப் பிரிக்க இன்னும் மூணு வாரம், அதுக்கப்புறமும் மகள் விடுவாளான்னு தெரியலை என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, ஏனுங்க, இதைக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா, ஏறி மட்டும் பார்க்கறேன் என்றார்.

அவள் முன்னால் போய் நின்றாள். முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். அவர் காலைத் தூக்கிப் போட இரண்டு தரம் முயன்றார், மூன்றாம் தரம் போட்டார், சைக்கிள் ஒரு பக்கம் சரிந்தது, அவள் தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள். அவர் சீட்டில் உட்கார்ந்தபோது ஒரு முழு ஆளின் கனம் ஹேண்டில்பார் வழியாக அவள் மணிக்கட்டுக்கு வந்தது. முகம் ஒரு முழ தூரத்தில். மாவுக்கட்டின் விளிம்பு அழுக்காகிச் சாம்பல் நிறமாக இருந்தது, அதற்குள்ளிருந்து நீட்டிய விரல்கள் வீங்கியிருந்தன. அவர் அவளைத் தாண்டி, வாசலுக்கு வெளியே, வெயில் விழுந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காலும் பெடலில் இருந்தன. அசையவில்லை. மருதமலை பஸ் ஒன்று போனது. அவள் பிடியை மாற்றிப் பிடித்தாள். ஜமால் டயர் நெம்பும் கட்டையோடு உள்ளே வந்து, சார் போதும், இறங்குங்க, அக்காவுக்குக் கை வலிக்கும் என்றார்.

"இருக்கட்டுங்க," என்றாள் கோகிலவாணி. "நான் புடிச்சுக்கறேன்."